வாரண்டி இருந்தால் வண்டி நல்ல வண்டி என்று யார் சொன்னது?

இந்த வாரமும் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் கட்டி இழுத்து வரப்பட்டு நம் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தப்பட்டது. உரிமையாளர் கொஞ்சமும் பதறவில்லை. "எக்ஸ்டெண்டெட் வாரண்டி இருக்கு சார், அவங்க பார்த்துப்பாங்க" என்று ஃபைலை நீட்டினார். கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு வரும் பழுதுகளுக்காகத் தனியாகப் பணம் கட்டி எடுக்கும் ஒப்பந்தம்தான் அது. வாரண்டி நிறுவனத்தாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கொட்டியிருக்கிறது. ஹோஸ் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது. டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போன பிறகும் "வீடு பக்கத்துலதான்" என்று ஓட்டியதில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. அது ஓட்டியவரின் கவனக்குறைவு, அதற்கும் கிடையாது. இரண்டுமே அவர் கையெழுத்துப் போட்ட தாளில் அச்சாகியிருந்தன. இன்ஜினைப் பிரித்துப் பார்த்த கூலியும் அவர் தலையிலேயே விழுந்தது.

இப்படி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "வாரண்டியே கொடுக்கிறாங்கன்னா வண்டி நல்லாத்தானே சார் இருக்கணும்?"

இல்லை. இதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். உங்களுக்கு வாரண்டியை விற்பவர் பெரும்பாலும் கார் வியாபாரி. அதில் அவருக்குக் கமிஷன் உண்டு. பழுதுக்குப் பணம் தர வேண்டியது வேறொரு நிறுவனம். அந்த நிறுவனத்திலிருந்து பெரும்பாலும் யாரும் வந்து உங்கள் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாடல், வயது, ஓடிய கிலோமீட்டர் இவற்றை வைத்து விலை போட்டிருப்பார்கள். பார்க்காமல் எப்படித் துணிந்து கொடுக்கிறார்கள் என்றால், 'வாங்கும்போதே இருந்த குறைக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. இருக்கிற குறைக்குப் பணம் தரவேண்டாம் என்னும்போது அதை முன்கூட்டியே தேடிக் கண்டுபிடிக்க அவர்களுக்கு என்ன அவசியம்? ஆக, அந்தத் தாள் வண்டியின் உடல்நிலையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. என்ன நடந்தால், எந்த நிபந்தனையில், எவ்வளவு வரை தருவோம் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

"வாரண்டிதான் இருக்கே, எதுக்கு தனியா செக் பண்ணணும்" என்கிறார்களே, அது தலைகீழ். வாரண்டி எடுப்பவர்தான் கட்டாயம் செக் பண்ண வேண்டும். வியாபாரிக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டி, தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் போட்டு எழுத்தில் அறிக்கை வாங்கி வையுங்கள். நாளைக்கு 'இது பழைய குறை' என்று அவர்கள் சொன்னால் எதிர்த்துக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள்; சூடாக்கி வைத்துக் காட்டப்படும் வண்டி பல நோய்களை மறைக்கும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளை (எரர் கோடு) படிக்கும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். எரர் கோடு எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பலவும் முடியாமல் கிடந்தால், யாரோ சமீபத்தில் கோடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

சரி, வாரண்டி எடுக்கலாமா வேண்டாமா? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் என்னிடம் இல்லை. டர்போ, டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், நிறைய எலக்ட்ரானிக்ஸ் என்று இருக்கும் வண்டி, சர்வீஸ் பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஒரே ஒரு பெரிய செலவு வந்தாலும் உங்களால் தாங்க முடியாது என்றால், தயாரிப்பு நிறுவனமே தரும் நீட்டிப்பை எடுப்பது புத்திசாலித்தனம். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும் வண்டி என்றால், அதே பணத்தைத் தனியாகப் போட்டு வையுங்கள். பழுது வராவிட்டால் பணம் உங்களிடமே இருக்கும். வந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வண்டியில் பழைய கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். இருக்கும்போதே இன்னொன்றுக்குப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். காலக்கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்தா, வண்டி முதன்முதலில் விற்பனையான நாளிலிருந்தா? இதில் ஏமாந்தால், 3 வயதான வண்டிக்கு 5 வருடம் என்று நினைத்தது 2 வருடமாகிவிடும். ஒரு பழுதுக்கு அதிகபட்சம் எவ்வளவு, அதில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு எவ்வளவு, லேபருக்கு வரம்பு உண்டா என்பதையும் பாருங்கள். வண்டிக் கடனோடு வாரண்டியையும் சேர்த்துவிடுவார்கள். அதற்கும் வட்டி கட்டப்போவது நீங்கள்தான், மறக்காதீர்கள்.

வாங்கும் முன்பே முழு ஒப்பந்தத்தைக் கேளுங்கள். பளபளவென்ற விளம்பரத் தாளை அல்ல. அதில் 'எவையெல்லாம் சேராது' என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயர், பேட்டரி, பெல்ட் எல்லாம் பொதுவாக அங்கேதான் இருக்கும். டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைந்தால், பெல்ட்டை உரிய நேரத்தில் மாற்றிய பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். பில் இல்லையென்றால் பேச்சும் இல்லை. வாடகைக்கு ஓட்டுவது, வெளியில் கேஸ் கிட் மாட்டியது, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மேப்பை மாற்றியது என்று எது இருந்தாலும் மறைக்காமல் முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எடுத்தாகிவிட்டதா? அப்படியானால் ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லையும், கிலோமீட்டர் எழுதி, பத்திரமாக வையுங்கள். முள் சிவப்புக்குப் போனாலோ ஆயில் விளக்கு எரிந்தாலோ அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். வீடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி. வாரண்டி நிறுவனம் அனுமதி கொடுக்கும் முன் எந்த மெக்கானிக்கையும் இன்ஜினில் கைவைக்க விடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கும்போது கையெழுத்துப் போட்டுச் சில நாள்தான் ஆகியிருக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது என்றால், ரத்து செய்வதற்கான பகுதியைத் தேடிப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் ஆரம்ப நாட்களுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்தக் கெடு என்றைக்கு முடிகிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.