டெஸ்லா சுருள்: ஒரு ஒத்ததிர்வு வேண்டும், இன்னொன்று வேண்டாம்

டெஸ்லா சுருள் என்பது மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கி உச்சியிலிருந்து பொறி பறக்கவிடும் கருவி. டிரான்ஸ்ஃபார்மர் நிரப்பும் கெபாசிட்டரின் மின்னூட்டம் கீழே உள்ள முதன்மைச் சுருளில் பாயும். நடுவே நிற்கும் உயரமான துணைச் சுருளும் அதே அதிர்வெண்ணில் அதிர வேண்டும், அதுதான் ஒத்ததிர்வு. வீட்டில் கட்டிய டெஸ்லா சுருளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இன்னும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போடலாமா?" என்றுதான். பிரித்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரில் குறையிருக்காது. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்காது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10 செ.மீ. குழாயில் 50 செ.மீ. உயரத்துக்கு 1000 சுற்று சுற்றினால் துணைச் சுருளின் தூண்டம் (inductance) ஏறக்குறைய 18 மில்லிஹென்றி. சுருளுக்கே உள்ள மின்தேக்கம் (capacitance) 8 பிக்கோஃபாரட். அப்போது அதிர்வெண் 420 கிலோஹெர்ட்ஸ். உச்சியில் 12 பிக்கோஃபாரட் அளவுள்ள அலுமினிய வளையத்தை வைத்துவிட்டால் அது 265-க்கு இறங்கிவிடும். வளையம் வைக்காமல் கணக்கை முடித்துவிட்டு, பிறகு அழகுக்கு வைப்பதுபோல வைத்தால் பொறி எப்படி வரும்? 265-க்கு இசைய, 10 நானோஃபாரட் கெபாசிட்டரோடு முதன்மைச் சுருள் 36 மைக்ரோஹென்றி இருக்க வேண்டும். பொறி நீளும்போது அதுவும் மின்தேக்கத்தைக் கூட்டும் என்பதால் முதன்மைச் சுருளில் இரண்டு மூன்று சுற்று கூடுதலாக விட்டுவையுங்கள்.

இது நமக்கு வேண்டிய ஒத்ததிர்வு. வேண்டாதது டிரான்ஸ்ஃபார்மருக்கும் கெபாசிட்டருக்கும் இடையே, மின்வழங்கலின் அதிர்வெண்ணிலேயே நடப்பது. 15,000 வோல்ட், 30 மில்லியாம்பியர் நியான் விளக்கு டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்த ஒத்ததிர்வை உண்டாக்கும் கெபாசிட்டர் அளவு 60 ஹெர்ட்ஸில் 5.3 நானோஃபாரட், 50 ஹெர்ட்ஸில் 6.4. அசையாத பொறி இடைவெளியோடு (மின்னழுத்தம் ஏறியதும் பொறி தாவி கெபாசிட்டரை முதன்மைச் சுருளோடு இணைக்கும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வெளி) இதே அளவைப் போட்டு, இடைவெளியையும் அகட்டிவிட்டால் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய் உள்ளே காப்பு ஓட்டையாகிவிடும். ஒன்றரை மடங்கு போடுவது நல்லது. மேலே 10 என்று எடுத்துக்கொண்டது அதனால்தான். 60 ஹெர்ட்ஸ் மின்வழங்கலுக்காக வரைந்த வரைபடத்தில் பாதுகாப்பாயிருந்த 8 நானோஃபாரட், 50 ஹெர்ட்ஸில் 1.25 மடங்குதான். இப்படி நகலெடுத்துக் கருகிய டிரான்ஸ்ஃபார்மரை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

துணைச் சுருளின் உடம்பிலேயே பொறி ஊர்ந்தால், இரு சுருள்களுக்கும் இடையேயான காந்தப் பிணைப்பு அதிகம் என்று பொருள். துணைச் சுருளைச் சற்றே உயர்த்துங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இந்தச் சரிசெய்யும் வேலைதான். முதன்மைச் சுருளில் எத்தனை சுற்று வேலை செய்கிறது என்பதை மாற்றும் கிளிப்பைப் பத்துப் பதினைந்து முறை நகர்த்த வேண்டியிருக்கும். ஐந்தாவது முறையிலேயே அலட்சியம் வந்துவிடும். உயர் அதிர்வெண் மின்சாரம் தோலோடு போய்விடும் என்ற பேச்சை நம்பிக் கைவைக்காதீர்கள். முதன்மைப் பக்கம் இருப்பது உயிரை எடுக்கும் 15,000 வோல்ட். நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கும். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே 10 மெகாஓம் மின்தடை இருந்தாலும், கழற்றிய பிளக் என் கண்ணெதிரே மேசைமேல் கிடக்க, காப்பிட்ட கைப்பிடியுள்ள உலோகக் கோலால் முனைகளைக் குறுக்கிணைத்த பிறகுதான் கிளிப்பைத் தொடுவேன்.