மாலிஃபை: கோபத்தை ஆற்றும் சொல்

'மாலிஃபை' (mollify) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதிகள் பெரும்பாலும் 'சமாதானப்படுத்து' என்று பொருள் தரும். தவறில்லை. ஆனால் அழுகிற குழந்தையையும் சமாதானப்படுத்தலாம், சண்டை போட்ட இருவரையும் சமாதானப்படுத்தலாம். மாலிஃபை அத்தனை அகலமான சொல் அல்ல. அதற்கு எதிரே ஒருவர் கோபமாகவோ மனத்தாங்கலோடோ இருக்கவேண்டும். துக்க வீட்டில் நாம் செய்வது தேற்றுதல். அங்கே இந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

இலத்தீனில் 'மோலிஸ்' என்றால் மெத்தென்றது. அதோடு 'செய்' என்னும் பொருளுள்ள வினை சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நத்தை, சிப்பி வகையைக் குறிக்கும் 'மொலஸ்க்' இதன் உறவு. நம் பாடநூலில் அது மெல்லுடலி. சமஸ்கிருத 'ம்ருது'வும் இதே இந்தோ-ஐரோப்பிய வேர்தான். அதாவது, இட்லி மிருதுவாக இருக்கிறது என்னும்போது மாலிஃபையின் தூரத்துச் சொந்தக்காரரைத்தான் கூப்பிடுகிறோம். 'மெல்' என்பதையும் இதில் சேர்த்து முடிச்சுப் போடவேண்டாம். அது திராவிட வேர்; ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மென்மையாக்கு' என்றால் துணி துவைக்கிற சங்கதி ஆகிவிடும். 'மனம் இளகுதல்' இரக்கத்துக்கு உரியது. நமக்குக் கோபம் கெட்டியான பொருள் அல்ல, சூடான பொருள். அதனால் தணிக்கிறோம், ஆற்றுகிறோம். காபி ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். ஔவையாரும் 'ஆறுவது சினம்' என்றுதான் சொன்னார்.

இதற்கு நல்ல சாட்சி ஏசாயா முதல் அதிகாரத்தில் இருக்கிறது. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமம், காயத்தை எண்ணெய் தடவி இதமாக்காததைச் சொல்ல மாலிஃபையைத்தான் பயன்படுத்துகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'எண்ணெயினால் ஆற்றப்படாமலும்' என்று இருக்கிறது.

காதலில் என்றால் 'ஊடல் தீர்த்தல்' என்ற அழகான பெயரே இருக்கிறது. மருதத்திணையில் தலைவன் அதற்குப் பாணனைத் தூது அனுப்புவான். தலைவி பெரும்பாலும் அவனை வாசலோடு திருப்பிவிடுவாள். 'ஐஸ் வைப்பது' வேறு. அதற்கு எதிராளி கோபமாக இருக்கவேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் அடிக்கடி செயப்பாட்டு வினையாகவும் எதிர்மறையாகவும் வரும். அதை 'அவர் சமாதானப்படுத்தப்படவில்லை' என்று எழுதினால் வாசிக்கிறவருக்குக் கோபம் வரும். 'மன்னிப்புக் கேட்டும் அவருக்குக் கோபம் ஆறவில்லை' என்று எழுதலாம்.