ஈஸ்ட் எதற்காகக் காற்றைக் கேட்கிறது?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் ஒரு முறைக்கு 5 காலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் காய்ச்சுவது வழக்கம். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை நொறுக்கி, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதிலிருந்து வடியும் இனிப்புச் சாற்றைக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூக்களோடு சேர்த்து இன்னொரு மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். வோர்ட் எனப்படும் இந்தச் சாற்றில் செம்புச் சுருள்குழாயை அமிழ்த்தி, அதனுள் குளிர்ந்த நீரை ஓடவிட்டு விரைவாக ஆறச் செய்கிறார்கள். அதன் பிறகு அவர்கள் செய்யும் காரியம் புதிதாகப் பார்ப்பவருக்கு விளங்காது. கிருமி நீக்கிய பாத்திரத்தில் அத்தனை கவனத்தோடு மூடிக் காத்த சாற்றை, இரண்டு வாளிகளுக்கு இடையே உயரத் தூக்கித் தேநீர் ஆற்றுவதுபோல் மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள். சிலர் குடுவையில் அடைத்து நுரை பொங்கும்வரை குலுக்குகிறார்கள். சிலர் மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரை அதனுள் ஓடவிடுகிறார்கள். சர்க்கரையை ஆல்கஹாலாக நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டைச் சேர்ப்பதற்கு முன்போ, சேர்த்த உடனேயோ இது நடக்கிறது.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்குக் கூட்டாட்சிச் சட்டம் வழிவிட்டது 1978இல்தான். அந்த ஆண்டு அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் அதற்குக் கையொப்பமிட்டார். பிரிட்டனில் உரிமக் கட்டுப்பாடு 1963இலேயே நீங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் தருவதில்லை என்பதால், இக்கட்டுரையைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ளாமல் ஒரு நுண்ணுயிரின் வாழ்க்கையைப் பற்றிய விளக்கமாகவே வாசிக்க வேண்டும். அந்த வாழ்க்கை அவ்வளவு சுவையானது என்பதே இதை எழுதக் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் நொதித்தலைக் காற்றில்லா வாழ்வு என்று விளக்கினார். அவர் கூறியது வேதியியல் கணக்கோடும் பொருந்துகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு எத்தனால் மூலக்கூறுகளாகவும் இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளாகவும் பிரிகிறது. இந்தச் சமன்பாட்டில் ஆக்சிஜன் வாயுவுக்கு எங்குமே வேலையில்லை. அப்படியிருக்க, நொதித்தல் தொடங்கும் வாசலில் நின்றுகொண்டு ஈஸ்ட்டுக்குக் காற்றை ஊட்டுவானேன்?

இதற்குப் பலரும் சொல்லும் விடை ஒன்று உண்டு. ஈஸ்ட் முதலில் காற்றைச் சுவாசித்துப் பெருகும், காற்றுத் தீர்ந்ததும் நொதித்தலுக்கு மாறும் என்பதே அது. கேட்க நன்றாக இருந்தாலும் எளிய கணக்கு ஒன்றே அதை உடைத்துவிடுகிறது. நன்றாகக் காற்றூட்டிய 20 லிட்டர் வோர்ட்டில், லிட்டருக்கு 8 மில்லிகிராம் வீதம், மொத்தம் 160 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 180 கிராம் குளுக்கோஸைச் சுவாசத்தால் முழுமையாக எரிக்க 192 கிராம் ஆக்சிஜன் தேவை. ஆகவே அந்த 160 மில்லிகிராமைக் கொண்டு 150 மில்லிகிராம் சர்க்கரையைத்தான் எரிக்க முடியும். நடுத்தரச் செறிவுள்ள அந்த வோர்ட்டிலோ ஈஸ்ட் நொதிக்கவைக்கக்கூடிய சர்க்கரை ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கை எரித்துப் பெறும் ஆற்றலால் ஒரு பெரும் படை பெருகிவிடாது. மேலும், சர்க்கரை மிகுந்த இடத்தில் ஈஸ்ட் ஆக்சிஜன் கிடைத்தாலும் சுவாசத்தை அடக்கிவைத்துவிட்டு நொதித்தலையே மேற்கொள்கிறது. 1929இல் புற்றுசெல்களை ஆராய்ந்த ஆங்கில உயிர்வேதியியலாளர் ஹெர்பர்ட் கிராப்ட்ரீ கண்ட இதையொத்த ஒரு நடத்தையை வைத்து, இதனைக் கிராப்ட்ரீ விளைவு என்றே அழைக்கிறார்கள். ஆக, வோர்ட்டில் கரைந்த ஆக்சிஜன் ஈஸ்ட்டுக்கு மூச்சு அன்று. அது கட்டுமானப் பொருள்.

எதைக் கட்டுவதற்கு என்றால், செல்லின் தோலாகிய சவ்வைக் கட்டுவதற்கு. ஒவ்வொரு ஈஸ்ட் செல்லையும் கொழுப்பு மூலக்கூறுகளாலான மெல்லிய இரட்டைப் படலம் சூழ்ந்திருக்கிறது. சர்க்கரை உள்ளே வருவதும் ஆல்கஹால் வெளியேறுவதும் அதன் வழியாகத்தான். இந்தப் படலம் இறுகிவிடவும் கூடாது, குழைந்து ஒழுகிவிடவும் கூடாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து நிற்க, பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் ஓடும் நிலையிலேயே இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு. ஈஸ்ட்டின் சவ்வு குளிர்ந்த வோர்ட்டிலும் நெகிழ்வோடு இருக்க, ஓலியிக், பால்மிட்டோலியிக் அமிலங்கள் போன்ற நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் அதற்கு வேண்டும். நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கி நிறைவுறாததாக மாற்றும் நொதியமோ ஆக்சிஜன் மூலக்கூறு இல்லாமல் இயங்குவதே இல்லை.

இன்னொரு தேவை எர்கோஸ்டெரால். நம் உடலின் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைப் பூஞ்சை இனங்களில் இது செய்கிறது; சவ்வுக்கு உறுதி தருவதும், பெருகிவரும் ஆல்கஹாலைத் தாங்கவைப்பதும் இதுவே. ஸ்குவாலீன் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுவரை ஈஸ்ட் ஆக்சிஜன் இன்றியே தயாரித்துவிடும். அதன்பின் வரும் படிகளில்தான் சிக்கல். ஸ்குவாலீனில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்தும் முதற்படியிலிருந்து கடைசி இரட்டைப் பிணைப்பு வரை கணக்கிட்டால், ஒரே ஓர் எர்கோஸ்டெரால் மூலக்கூறு உருவாக 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. 1953, 1954 ஆண்டுகளில் ஆண்ட்ரியாசன், ஸ்டையர் என்ற இரு ஆய்வாளர்கள், ஆக்சிஜனை அறவே நீக்கிய ஊடகத்தில் ஈஸ்ட் வளர வேண்டுமானால் எர்கோஸ்டெராலையும் நிறைவுறாத கொழுப்பு அமிலத்தையும் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும் என்று காட்டினார்கள். அவ்விரண்டையும் கொடுத்துவிட்டால் அது காற்றில்லாமலேயே வளர்ந்தது. காற்று இல்லாமல் வாழக்கூடிய உயிருக்குக் காற்றைக் கொண்டு செய்த பொருள் தேவைப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி, இந்தப் பொருள் ஏன் தொடக்கத்திலேயே தேவைப்படுகிறது என்று பார்ப்போம். மிதமான வெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகைப் பீர் 20 லிட்டருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவில் ஈஸ்ட்டைச் சேர்த்தால், ஏறக்குறைய 18,000 கோடி செல்கள் வோர்ட்டில் இறங்குகின்றன. முதல் சில மணி நேரத்தில் அவை பெருகுவதில்லை. உடலில் சேமித்துவைத்த கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளை எரித்து, கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, ஸ்டெராலைச் சேர்த்துக்கொள்கின்றன. நல்ல நிலையில் உள்ள செல்லின் உலர் எடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஸ்டெரால் ஆகிவிடுகிறது. பிறகு அரும்பு விட்டுப் பிரியத் தொடங்கும்போது, தாய் தன்னிடம் உள்ளதை மகளோடு பாதியாகப் பங்கிடுகிறது. ஆக்சிஜன் அதற்குள் தீர்ந்துவிட்டதால் புதிதாக எதுவும் சேர்வதில்லை. ஒன்று அரையாகி, அரை காலாகி, கால் அரைக்காலாகும்போது, அதாவது மூன்று தலைமுறையிலேயே, 0.1 விழுக்காடு என்ற தாழ்ந்த எல்லையைச் செல்கள் நெருங்கிவிடுகின்றன. அதற்குக் கீழே அவை பிரிவதில்லை. முதல் நாளில் சேர்த்த கையிருப்பே எத்தனை தலைமுறை என்பதை முடிவு செய்கிறது.

கையிருப்பு குறைந்தால் கெடுதல் பல வழிகளில் தெரியவரும். செல்களின் எண்ணிக்கை போதாமல் நொதித்தல் மெதுவாகும். சில வேளைகளில் சர்க்கரை மீந்திருக்கும்போதே நின்றுவிடும். மணமும் மாறும். வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிட்டேட் போன்ற எஸ்டர்களை உருவாக்கும் மரபணுவை ஆக்சிஜனும் நிறைவுறாத கொழுப்பு அமிலங்களும் அடக்கிவைக்கின்றன. அவை குறைந்தால் அந்த வாசனை மிகும். கோதுமைப் பீரில் சிலர் இதை விரும்பியே வரவழைக்கிறார்கள் என்றாலும், தெளிவான சுவையை எதிர்பார்க்கும் லாகர் வகைப் பீரில் அது குறையாகவே கருதப்படும்.

காற்றைக் கரைப்பது எளிதென்று தோன்றும், ஆனால் இயற்பியல் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கொதிக்கும் நீரில் ஆக்சிஜன் தங்காது; ஒரு மணி நேரக் கொதிப்பில் வோர்ட்டிலிருந்த காற்று ஏறக்குறைய முழுவதும் வெளியேறியிருக்கும். ஆறிய நீரில் அது மீண்டும் கரையும். 10 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராமும், 20 பாகையில் 9.1 மில்லிகிராமும், 30 பாகையில் 7.5 மில்லிகிராமும் கரையலாம். கோடையில் சூடேறிய குளத்து மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறப்பதும் இந்தக் கணக்கினால்தான். கரைந்த சர்க்கரை இந்த அளவை இன்னும் சற்றுக் குறைப்பதால், 20 பாகையில் உள்ள வோர்ட் சாதாரணக் காற்றிலிருந்து லிட்டருக்கு 8 மில்லிகிராமை ஒட்டியே பெற முடியும். எவ்வளவு நேரம் குலுக்கினாலும், மீன்தொட்டி மோட்டாரை இரவெல்லாம் ஓட்டினாலும் அதைத் தாண்டாது. ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அதன் மேல் அந்த வாயு செலுத்தும் அழுத்தத்தைப் பொறுத்தது என்று வில்லியம் ஹென்றி 1803இல் கண்ட விதியே இங்கே காவல் நிற்கிறது. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். பொதுவான ஏல் பீருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் போதும் என்பதால் காற்றாலேயே ஒருவாறு சமாளிக்கலாம். குளிர்ச்சியில் நொதிக்கும் லாகருக்கும் சர்க்கரைச் செறிவு மிகுந்த பார்லிவைன் என்னும் கடும் பீர் போன்றவற்றுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதால், அங்கே தூய ஆக்சிஜனை நாடுகிறார்கள்.

தூய ஆக்சிஜன் என்றால் வரம்பு ஏறக்குறைய ஐந்து மடங்காக உயர்கிறது. உலோகத்தைப் பற்றவைக்கும் வேலைக்காக அமெரிக்க இரும்புக்கடைகளில் விற்கும் சிறு உருளையையே பலரும் பயன்படுத்துகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு நிமிடம் செலுத்தினால் 20 லிட்டர் வோர்ட்டில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரைகிறது. அதைக் கன அளவாக மாற்றினால் ஏறக்குறைய 135 மில்லிலிட்டர். செலுத்தியதில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே கரைந்து, மற்றது குமிழிகளாக மேலேறிப் போய்விடுகிறது. இந்த இழப்பைக் குறைக்கத்தான் குழாயின் நுனியில் துருப்பிடிக்காத எஃகுப் பொடியை அழுத்திச் செய்த நுண்துளைக் கல்லைப் பொருத்துகிறார்கள். அதன் துளைகள் அரை மைக்ரான் அளவில் இருக்கும். அதே கன அளவு வாயுவைப் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள குமிழிகளாகப் பிரித்தால் வோர்ட்டைத் தொடும் பரப்பு பத்து மடங்காகிறது. சிறு குமிழி மெதுவாக ஏறுவதால் கரைய நேரமும் கூடுகிறது. விரலின் எண்ணெய்ப்பசையே அந்தத் துளைகளை அடைக்கப் போதும் என்பதால், கல்லைக் கையால் தொடாமல் நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். வோர்ட்டைக் கொதிக்கவைத்த அடுப்பை அணைத்த பிறகே ஆக்சிஜன் உருளையைத் திறக்க வேண்டும் என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆக்சிஜன் தானாக எரியாவிட்டாலும் எரிவதை வெறிகொள்ளச் செய்யும்.

காற்று மோட்டாரைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு கவலை இருக்கிறது. வீட்டுக் காற்றில் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மிதக்கின்றன; சர்க்கரை நிறைந்த வோர்ட் அவற்றுக்கும் விருந்துதான். ஆகவே மோட்டாருக்கும் கல்லுக்கும் இடையே 0.2 மைக்ரான் வடிகட்டி ஒன்றை இணைக்கிறார்கள். அது நனைந்துவிட்டால் காற்று அதன் வழியே செல்லாது.

காற்றூட்டவே தேவையில்லாத சந்தர்ப்பமும் உண்டு. பொட்டலத்தில் விற்கும் உலர் ஈஸ்ட்டைத் தொழிற்சாலையில் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, காற்றை மிகுதியாகச் செலுத்தி வளர்க்கிறார்கள். அதனால் அது ஸ்டெராலையும் நிறைவுறாத கொழுப்பு அமிலங்களையும் நிரப்பிக்கொண்டே உலர்கிறது. அதை முதன்முறை பயன்படுத்தும்போது வோர்ட்டைக் குலுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள நியூ பெல்ஜியம் மதுவாலையில் கிரேடி ஹல் என்பவர் இதே தர்க்கத்தை வேறு திசையில் கொண்டுபோனார்: ஆக்சிஜனைக் கொடுத்து ஓலியிக் அமிலத்தை உண்டாக்கவைப்பதற்குப் பதிலாக, ஓலியிக் அமிலம் நிறைந்த ஆலிவ் எண்ணெயையே ஈஸ்ட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். நொதித்தல் நடந்தது, ஆனால் சற்று மெதுவாக. எஸ்டர் வாசனையும் கொஞ்சம் கூடியது. 20 லிட்டருக்கு வேண்டிய எண்ணெய் ஒரு துளியில் சிறு பங்கே என்பதால், வீட்டில் அதை அளந்து சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பழைய முறை ஒன்று இன்றும் இருக்கிறது. டாட்காஸ்டர் ஊரிலுள்ள சாமுவேல் ஸ்மித் மதுவாலையில் ஸ்லேட் கல்லாலான சதுரத் தொட்டிகளில் பீர் நொதிக்கிறது. அங்குள்ள ஈஸ்ட் விரைவில் திரண்டு பிரிந்துவிடும் இயல்புடையது. எனவே நொதிக்கும் திரவத்தை அடியிலிருந்து எடுத்து மேலே ஊற்றிக் கலக்கிவிடுகிறார்கள், அதோடு சிறிது காற்றும் போய்ச் சேர்கிறது. நொதித்தல் தொடங்கிய பின் காற்றைத் தவிர்க்க வேண்டும் என்ற பொது விதிக்கு இது ஒரு விலக்கு.

அந்தப் பொது விதிக்கு வலுவான காரணம் இருக்கிறது. ஈஸ்ட் உறிஞ்சிக்கொள்ள ஆர்வமாய் இருக்கும் முதல் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் நிலைத்து நின்று கெடுதல் செய்ய வாய்ப்பில்லை. நொதித்தல் முடிந்து ஈஸ்ட் அடியில் படிந்த பிறகு உள்ளே வரும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள ஆளில்லை; அது பீரின் சேர்மங்களையே தாக்கும். பழையதாகிப்போன பீரில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனையைத் தருவது டிரான்ஸ்-2-நோனினால் என்ற சேர்மம். நூறு கோடியில் 0.1 பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்கிறது. ஆகவே, இரண்டு வாரங்களுக்கு முன் அதே சாற்றை நுரை ததும்ப ஆற்றிய கைகள், புட்டிகளில் நிரப்பும் நாளில் குழாயின் நுனியைப் புட்டியின் அடிவரை இறக்கி, சலசலப்பு எழாமல் அடியிலிருந்து மெல்ல நிரப்புகின்றன.