மொட்டை வால் பூனை எப்படிக் காலூன்றி விழுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் திரியும் பூனைகள் பலவற்றுக்கு முழு வால் இருக்காது. சிலவற்றுக்குப் பாதி வால், சிலவற்றுக்கு நுனியில் முடிச்சு. அடிபட்டு அறுந்ததல்ல, பிறவியே அப்படி. மலாய்த் தீவுகளின் பூனைகள் இப்படித்தான் என்று டார்வின் 1868இலேயே எழுதிவிட்டார். அந்த மொட்டை வால் பூனையும் லயத்துத் தகரக் கூரையிலிருந்து வழுக்கி மல்லாந்தால் நான்கு காலில்தான் இறங்கும். வால் கொஞ்சம் உதவலாம். வேலையைச் செய்வது முதுகெலும்பும் அதை ஏவும் மூளையும்தான்.

கீழ் எந்தப் பக்கம் என்று தெரிவதுதான் முதல் சிக்கல். உட்செவியில் இதற்கு இரண்டு கருவிகள். ஒன்று செவிக்கல்: வழவழப்பான படலத்தின்மேல் பதிந்த சுண்ணாம்புத் துகள்கள். தலை சாய்ந்தால் அவை சரிந்து, அடியிலுள்ள மயிர்ச்செல்களை, அதாவது அசைவை உணரும் செல்களின் மயிரிழைகளை, வளைக்கும். மற்றது ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை சுழலும்போது உள்ளிருக்கும் நீர் பின்தங்கும். எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பது அதில் தெரியும்.

விழும்போது செவிக்கல் கைவிட்டுவிடும். பூனையும் விழுகிறது, கல்லும் அதே வேகத்தில் விழுகிறது. ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. ஆனால் அந்த அழுத்தம் சட்டென்று நின்றதே பிடி போய்விட்டது என்பதற்கு எச்சரிக்கை மணி. பிடி நழுவுமுன் உடம்பு எப்படி இருந்தது என்பதை மூளை கையில் வைத்துக்கொண்டு, குழாய்கள் சொல்லும் சுழற்சியை அதோடு கூட்டிக்கொண்டே போகிறது. கண் சரிபார்க்கிறது. கண்ணைக் கட்டினால் செவி போதும். செவி கெட்ட பூனை பழகிய பின் கண்ணை வைத்துச் சமாளிக்கும். இரண்டும் போனால் மூட்டை மாதிரி விழும். 1950களில் அமெரிக்க விமானங்களில் எடையற்ற நிலையில் பூனைகளைச் சோதித்தார்கள். அந்த நிலை நீள நீள, திரும்பும் அனிச்சையே குழம்பிப்போனது.

செவி நரம்பு மூளைத்தண்டின் சமநிலை மையங்களில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ஒரு பாதை கழுத்துத் தசைக்கு, இன்னொன்று கால்களை விறைக்கும் தசைக்கு. சிறுமூளை அளவைத் திருத்தும். யோசிக்கிற பெருமூளைக்கு இங்கே வேலையில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உடலியல் ஆய்வாளர் ருடால்ஃப் மாக்னுஸ் நடத்தி 1924இல் தொகுத்த ஆய்வுகளில், பெருமூளை நீக்கிய விலங்கும் நிமிர்ந்தது. வெட்டு நடுமூளையைத் தாண்டிக் கீழே இறங்கியபோதுதான் கால்கள் விறைத்து, நிமிர முடியாமல் போயிற்று.

முதலில் தலை திரும்பும். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று கழுத்துத் தசையின் உணர்விகள் அறிவிக்க, அந்த முறுக்கை அவிழ்க்க மார்பு தொடரும், பிறகு இடுப்பு. காற்றில் உதைத்துத் திரும்ப எந்தப் பிடிமானமும் இல்லையே! அதனால் பூனை இடுப்பில் மடிந்து, முன்கால்களை ஒடுக்கி, பின்கால்களை நீட்டும். ஒடுங்கிய முன்பாதி நிறையச் சுழல, நீண்ட பின்பாதி எதிர்ப்பக்கம் கொஞ்சமே சுழலும். அடுத்து முன்கால் நீளும், பின்கால் ஒடுங்கும், பின்பாதி வந்து சேரும். எதையும் உதைக்காமலே பூனை புரள்வதைப் பிரெஞ்சு உடலியல் ஆய்வாளர் மாரே 1894இல் தொடர்படமாக எடுத்துக் காட்டியபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பத் தயங்கினார்கள்.

வாலை நம்பியிருப்பது சுவர்ப் பல்லி. தட்டை வால் பல்லி மல்லாந்து விழுந்தால் வாலை வீசியே சுமார் 0.1 விநாடியில் நிமிரும். வால் உதிர்ந்த பல்லிக்கு இது கைகூடாது.

பூனைக்கு வேண்டியது நேரம். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழ 0.25 விநாடிதான் ஆகும்; மல்லாந்த பூனைக்கு அது இழுபறி. 1 மீட்டர் என்றால் 0.45 விநாடி, தாராளம். 3 மீட்டர் கூரையிலிருந்து 0.78 விநாடி கிடைக்கும், ஆனால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 28 கி.மீ. குட்டிகளுக்கு 3 வாரத்தில்தான் இந்த அனிச்சை தலைகாட்டும், 6, 7 வாரத்தில் தேறும். அதற்குள் அவற்றைப் பரணில் விடக்கூடாது. சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் தூக்கிப் போடவும் வேண்டாம்.

தலை ஒருபக்கம் சாய்ந்து, வட்டமடித்து நடந்து, நின்ற இடத்திலேயே உருளும் பூனைக்குச் செவியைப் பாருங்கள். நடுச்செவிச் சீழ் உட்செவிக்கு இறங்கியிருக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் மயிர்ச்செல்களைக் கொல்லும்; மீந்த மருந்தை நாமாகப் போடக்கூடாது. நான்கு காலில் இறங்கிய பூனையும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நெஞ்சில் அடி என்று கொள்ளுங்கள். மோவாயையும் தொட்டுப் பாருங்கள், கால் தாங்காத மிச்ச வேகத்தில் அது சிமெண்டில் போய் மோதியிருக்கலாம்.