ஹைபிரிட் காருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளிப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எதை ஊற்றினாலும் ஓடிய அந்த வண்டிகளோடு வளர்ந்த பழக்கங்களை, பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டரும் சேர்ந்து ஓட்டும் இன்றைய ஹைபிரிட் கார்களான அக்குவாவும் பிரியஸும் பொறுத்துக்கொள்வதில்லை.

எங்கள் கராஜுக்கு ஹைபிரிட் கார் வந்தால் நான் முதலில் பார்ப்பது பின் இருக்கைப் பக்கத்தை. அங்குள்ள துவாரத்தின் வழியாகத்தான் விசிறி காற்றை இழுத்து, மோட்டரை ஓட்டும் பெரிய பற்றறியைக் குளிர்விக்கிறது. செம்மண் தூசி அதை அடைத்துவிடும். போதாததற்கு, அதன்மேல் பிள்ளையின் புத்தகப்பை, சந்தையில் வாங்கிய மரக்கறிப் பை! வெக்கை வெளியேறாமல் பற்றறி சீக்கிரமே கெடுகிறது. துவாரத்தைத் துப்புரவாக்க அதிக நேரம் பிடிக்காது. பற்றறி மாற்றவோ இலட்சக்கணக்கில் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் தேங்கியிருப்பது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவதே ரேடியேற்றர் குழாய்களிலும் படியும். பற்றறி மின்சாரத்தை மோட்டருக்கேற்ப மாற்றும் இன்வேர்ட்டருக்கெனத் தனிக் கூலன்ற் (குளிர்விக்கும் திரவம்) தொட்டி உண்டு. அதற்குள்ளும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். நிறுவனம் சொன்ன கூலன்ற்றைத் தவிர எதுவும் வேண்டாம்.

இப்போது எல்லா மெக்கானிக்கிடமும் காரின் பழுதுக் குறியீடுகளை வாசிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. அது பற்றறிப் பழுதைக் குறிக்கும் பி0ஏ80 என்று காட்டியதும் பற்றறியை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். பற்றறிக்குள் உள்ள கலங்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் களிம்பு ஏறியிருந்தாலும் அதே குறியீடு வரக்கூடும். கடற்காற்று வீசும் ஊரில் அதைத் திறந்து பாராமல் முடிவெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. கெட்ட ஒன்றிரண்டு கலத்தொகுதிகளை மட்டும் மாற்றுவது மலிவுதான். ஆனால் மற்றவையும் அதே வயதுதானே? சில மாதங்களில் அடுத்தது விழும். காரை விற்கப்போகிறவர்களுக்கு அது வசதி. வாங்குகிறவர்களே கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் சந்தையில் கைமாறும் பற்றறிகளில் பெரும்பாலானவை முதிர்ந்தவை.

உயர் மின்னழுத்தம் பாயும் செம்மஞ்சள் நிற வயர்களைத் தெருவோரத்தில் யாரும் தொட விடாதீர்கள். முதல் தலைமுறை அக்குவாவின் பற்றறி 144 வோல்ற்; ஆளைக் கொல்லும். பற்றறியின் மின்னிணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் செருகியைக் கழற்றிக் குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறையுடன்தான் வேலை தொடங்க வேண்டும். அந்தக் கையுறை இருக்கிறதா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். கேட்டதற்குக் கோபிப்பவரிடம் காரை விடாதீர்கள்.