அந்தரங்கத்தைத் தனியுரிமை ஆக்காதீர்கள்

“தனியுரிமைக்கான உரிமை.” யாழ்ப்பாணத்தில் ஒரு கருத்தரங்குக்கு அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தில் அண்மையில் மறுபடியும் இந்தத் தொடரைப் பார்த்தேன். பிரைவசியைத் தனியுரிமை என்று பெயர்த்தாயிற்று. பிறகு அதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்று சொல்லவேண்டி வந்தபோது, உரிமைக்கு உரிமை கேட்கும் நிலை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரைவசியின் வேர் இலத்தீனின் ‘பிரிவாத்துஸ்’. அது பொதுக் காரியத்திலிருந்து விலகி நிற்பதைக் குறிக்கும். அந்தரங்கம் வடமொழிச் சொல்: அந்தர், அங்கம் இரண்டும் சேர்ந்து ‘உள்ளே இருப்பது’.

சரி, தனியுரிமையில் என்ன பிழை? அது உடைமையைப் பேசுகிற சொல். ஒருவருக்கு மட்டுமே உரிய வியாபார உரிமைக்கும், மூலநிரலைத் திறந்து காட்டாத மென்பொருளுக்கும் அதைத்தான் எழுதுகிறோம். சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை பிரித்து வைத்த ஊரில் ‘உரிமை’ என்றதும் காணி உறுதிதான் முதலில் நினைவுக்கு வரும். தனியுரிமை என்றால் பங்குக்காரர் இல்லாத காணி என்றே காது எடுத்துக்கொள்கிறது.

1890இல் ஹார்வர்ட் சட்ட இதழில் அமெரிக்க வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைசும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அந்தரங்க உரிமையின் நவீன வரலாற்றைத் தொடங்குவார்கள். அவர்கள் மறுத்ததே இந்த உடைமைக் கணக்கைத்தான். ஒருவர் வெளியிடாத கடிதத்தை நீதிமன்றம் காப்பதற்கு உண்மையான அடிப்படை சொத்து அல்ல, மீறக்கூடாத ஆளுமை என்றார்கள். அவர்கள் கழித்துவிட்ட பொருளையே நாங்கள் மொழிபெயர்ப்பாக வைத்திருக்கிறோம்.

இலங்கையில் எங்கள் பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டமும் அந்தப் பக்கம்தான். அதில் அந்தரங்கத்தை மீறும் ஊறு மனிதனின் மாண்புக்குச் செய்த தீங்கு. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கம் தனி உரிமையாக எழுதப்படவில்லை. 2015இல் வந்த 14அ உறுப்புரையில் தகவல் அறியும் உரிமைக்கு வைத்த வரம்புகளில் ஒன்றாகத்தான் அது தலைகாட்டுகிறது. இந்தியாவில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமையை உயிர்வாழ்வு, சுதந்திரம் பற்றிய 21ஆம் உறுப்புரையில் வைத்தார்கள். அங்கே சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலை விட்டே எப்போதோ போய்விட்டது.

இந்த ஊரில் இதற்குச் சட்டப் புத்தகமும் தேவையில்லை. போர் முடிந்த பின்னும் படையினர் வீடு வீடாக வந்து குடும்ப விபரம் பதிந்தார்களே, அந்தப் பதிவால் யாருடைய காணியும் பறிபோகவில்லை. வீடும் உறுதியும் எங்களிடமே இருந்தன. ஆனாலும் ஏதோ ஒன்று பறிபோனது. அதற்குப் பெயர் தனியுரிமையா?

அந்தரங்கம் என்றால் உடலுறுப்பும் படுக்கையறையும்தான் நினைவுக்கு வருகின்றன என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தரங்கச் செயலாளர் என்று எழுதும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லையே. “அந்தரங்கமா ஒரு விசயம் கதைக்கவேணும்” என்று ஒரு ஆச்சி சொன்னால், கேட்பவருக்கு எல்லை உடனே விளங்கும். ஒளிப்பதற்குக் குற்றம் எதுவும் இருக்கவேண்டியதில்லை. இரகசியம் என்ற சொல்லில் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதுவும் வேண்டாம். தனிமை என்பது ஆளில்லாத நிலை. ஆறு பேர் இருக்கும் வீட்டிலும் அந்தரங்கம் உண்டு.

வடசொல் என்று ஒதுக்குவோருக்கு ஒன்று: அதில் கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லை, புழக்கத்தில் நன்றாகவே ஊறிய சொல். தூய்மையை நானும் மதிக்கிறேன். ஆனால் தூய தமிழில் பிழையான பொருளைச் சொல்வது தமிழுக்குச் செய்யும் உதவி அல்ல. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘அகம்’ இருக்கிறது. அகத்திணையில் காதலர் பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. அந்த வேரிலிருந்து யாராவது நல்ல சொல்லாக்கினால் முதலில் எடுத்துக்கொள்பவன் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது கைபேசிச் செயலி ஒவ்வொன்றிலும் ‘தனியுரிமைக் கொள்கை’. ஒருவர் சொற்பட்டியலில் போட்டதை அடுத்தவர் பொருள் பார்க்காமல் ஒட்டுகிறார். 2022இன் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மக்களுக்கு விளக்கப் போகிறவர்களாவது நின்று யோசிக்கவேண்டும். உரிமையைச் சொல்ல ‘அந்தரங்க உரிமை’, செயலியில் ‘அந்தரங்கப் பாதுகாப்புக் கொள்கை’ என்று எழுதலாம். தனியுரிமையை ஏகபோகத்துக்கே விட்டுவிடுங்கள்.