நொதி இருக்கிறது, இடம்தான் தப்பு: குழந்தைகளின் சிறுநீரகக் கல்

பிள்ளைக்குக் கிட்னியில் கல் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள், தக்காளியையும் கீரையையும் நிறுத்திவிட்டுத்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். வாழைத்தண்டுச் சாறும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் கல் வந்தாலோ, இரண்டு சிறுநீரகங்களிலும் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் கல்லீரலை யோசிக்க வேண்டும்.

முதல் வகை முதன்மை ஹைப்பராக்சலூரியா, அதாவது சிறுநீரில் ஆக்சலேட் என்ற உப்பு மிகுந்துபோவது, ஓர் அரிய பரம்பரை நோய். கல்லீரலில் உண்டாகும் கிளையாக்சிலேட் என்ற பொருளை ஏஜிடி என்ற நொதி கிளைசீனாக மாற்றிவிடும். அது நடக்காவிட்டால் கிளையாக்சிலேட் ஆக்சலேட்டாகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகிறது. நொதி இல்லாவிட்டால் நோய் வரும் என்பது எளிதில் புரிகிறது. 1989இல் லண்டனில் கிறிஸ்டோபர் டான்பியூரின் குழு இரண்டு நோயாளிகளின் கல்லீரலில் பார்த்தது வேறு. நொதி இருந்தது, வேலை செய்யும் நிலையிலும் இருந்தது. ஆனால் செல்லுக்குள் பெராக்சிசோம் என்ற நுண்ணுறுப்பில் இருக்க வேண்டியது, மைட்டோகாண்ட்ரியா என்ற இன்னொரு நுண்ணுறுப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

எப்படிப் போனது? மனித மைட்டோகாண்ட்ரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உண்டு. அது தன் சொந்த டிஎன்ஏவைக் கொண்டு தயாரிப்பவை 13தான். மற்ற எல்லாம் வெளியே உருவாகி உள்ளே போகின்றன. அவற்றில் பலவற்றின் முன்முனையில் ஒரு விலாசம் இருக்கும்: சுருளாகக்கூடிய ஒரு சிறு பகுதி, அதன் ஒரு பக்கம் நேர்மின்னேற்றம், மறுபக்கம் நீரை ஒதுக்கும் அமினோ அமிலங்கள். வெளிச்சவ்வில் உள்ள டாம்20, டாம்22 என்ற புரதங்கள் அதைப் படிக்கின்றன. டாம்40 துளை வழியாகவும், பிறகு உட்சவ்வின் டிம்23 வழியாகவும் புரதம் நுழைகிறது. உட்சவ்வின் மின்னழுத்தம்தான் அதை உள்ளிழுக்கத் தொடங்குகிறது. ஒரே நிபந்தனை, புரதம் மடிந்திருக்கக் கூடாது. பெராக்சிசோம் அப்படியில்லை. அது பெரும்பாலும் புரதத்தின் வால்முனையைப் படிக்கிறது, மடிந்து முடிந்ததையும் ஏற்றுக்கொள்ளும்.

மனித ஏஜிடியின் வாலில் இருப்பது பெராக்சிசோம் விலாசம். ஐரோப்பியரிடையே சாதாரணமாகக் காணப்படும் ஒரு மாற்றத்தில், 11ஆம் இடத்தில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலம் லூசினாகி, முன்முனையில் பலவீனமான மைட்டோகாண்ட்ரியா விலாசம் ஒன்றும் முளைக்கிறது. அதனால் மட்டும் நோய் வராது. புரதம் சட்டென மடிந்து ஜோடி சேர்ந்துவிடுவதால் சுமார் 5 சதவீதம்தான் வழிமாறுகிறது. கூடவே 170ஆம் இடத்துக் கிளைசீன் ஆர்ஜினினாக மாறியிருந்தால் மடிப்பு தாமதமாகும். அந்த இடைவெளியில் சுமார் 90 சதவீதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடும். (பூனைக்கு இந்த நொதி பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதுதான் இயல்பு, முயலுக்கு பெராக்சிசோமில். இறைச்சி தின்னும் உடம்பில் கிளையாக்சிலேட் உருவாகும் இடம் வேறு. நமக்கு முயலின் ஏற்பாடு: கிளையாக்சிலேட் பெரும்பாலும் பெராக்சிசோமில் உருவாவதால், நொதியும் அங்கே இருந்தால்தான் பயன்.)

மரபணுப் பரிசோதனையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். இந்த 170ஆம் இடத்து மாற்றம் இருப்பவர்களில் பலருக்கு வைட்டமின் பி6 கேட்கிறது. நொதி ஒழுங்காக மடிய அது உதவுகிறது. எல்லா மாற்றங்களுக்கும் கேட்காது. கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் நரம்பு பாதிக்கும். ஆக்சலேட் உற்பத்தியையே குறைக்கும் லுமாசிரான் ஊசிக்கு 2020இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

கல் தானாக வெளியே வந்தால் வீசாமல் ஆய்வுக்குக் கொடுங்கள். 24 மணி நேரச் சிறுநீரில் ஆக்சலேட் பார்க்க, கேனில் அமிலம் சேர்க்க வேண்டுமா என்று லேபில் முன்பே கேளுங்கள். இந்த நோய் உறுதியானால் நிறையத் தண்ணீர் குடிப்பது முக்கியம். தக்காளியை நிறுத்துவதால் பெரிய பலன் இல்லை, ஆக்சலேட்டைக் கல்லீரலே தயாரிக்கிறது. வைட்டமின் சி மாத்திரைகள் வேண்டாம்.

காரணம் தெரியாமல் சிறுநீரகம் செயலிழந்த பிள்ளைக்கு மாற்று அறுவை பேசும்போது, ஆக்சலேட் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கல்லீரலைக் கவனிக்காமல் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் புதியதிலும் படியலாம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோர் என்றால் என் சந்தேகம் கூடும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். ஒரே வீட்டில் தம்பிக்குக் கைக்குழந்தையிலேயே சிறுநீரகம் கெட்டிருக்க, அண்ணனுக்கு வளர்ந்த பிறகும் ஒரு தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். அதனால் கூடப்பிறந்த எல்லோருக்கும் சிறுநீரும் மரபணுவும் பார்க்கச் சொல்கிறேன்.